முயல் குட்டி ஆணா, பெண்ணா: நான் தப்பு செய்த இடம்

பெண் என்று ஒரே கூண்டில் விட்ட நான்கு குட்டிகளில் ஒன்று மூன்றாம் மாதம் மற்றவற்றின் மேல் ஏறத் தொடங்கியது. தப்பு என் விரலில்தான். லேசாக அழுத்தினால் ஆண் குட்டியும் பிளவு போலத்தான் தெரியும்.

இப்போது 30 நாளில், தாயிடமிருந்து பிரிக்கும்போது பார்க்கிறேன். குட்டியை மடியில் மல்லாத்தி, பின்பக்கத்தை நன்றாகத் தாங்கிக்கொள்ள வேண்டும். பிடிமானம் இல்லாமல் உதைத்தால் முதுகெலும்பே முறியலாம். வாலை விரலிடுக்கில் பின்னுக்கு இழுத்து, மூத்திரத் துவாரத்துக்குச் சற்று மேலே, வயிற்றுப் பக்கமாகக் கட்டைவிரலால் அழுத்தினால் இளஞ்சிவப்புச் சதை வெளியே வரும். குழாய் மாதிரி உருண்டு நீண்டு, நுனியில் வட்டத் துளை இருந்தால் ஆண். ஆசனவாய்ப் பக்கம் சரிந்து நீளப் பிளவாகத் திறந்தால் பெண். ஆணுக்கு இரண்டு துவாரங்களுக்கும் இடைவெளி அதிகம். ஒரே ஈற்றுக் குட்டிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

விதையைத் தேடிப் பயனில்லை. 10, 12 வாரம் ஆகாமல் இறங்காது, இறங்கினாலும் பயந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். சந்தேகமான குட்டிக்குக் காதில் மார்க்கர் புள்ளி வைத்து 8 வாரத்தில் மறுபடி பார்க்கிறேன். மை சில நாளில் மங்கிவிடும், விட்டு விட்டு வைக்க வேண்டியதுதான்.