பெரிய எண் 7-ஆல் வகுபடுமா? ஒரே கழித்தலில் பாருங்கள்

மலை ரயிலில் குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும்போது வழியில் அருவங்காடு வரும். அதன் பின்கோடு 643202. இந்த எண் 7-ஆல் மீதியின்றி வகுபடுமா? வகுத்துப் பார்க்கவே வேண்டாம். எண்ணை மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, 643-இலிருந்து 202-ஐக் கழியுங்கள். 441 வரும். அது 7 × 63. ஆகவே 643202-உம் வகுபடும், ஈவு 91886.

காரணம் 1001. 643202 என்பது 643 × 1001-இலிருந்து அந்த 441-ஐக் கழித்தால் வருவது; 1001 என்பதோ 7 × 11 × 13. அதனால் 11-க்கும் 13-க்கும் இதே கழித்தல் போதும். 441 அந்த இரண்டாலும் வகுபடாது, எனவே 643202-உம் வகுபடாது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். 441 மூன்றால் வகுபடுகிறதே என்று 643202-உம் வகுபடும் என எண்ணிவிடக் கூடாது. 3 என்பது 1001-இன் காரணி அல்ல. மூன்றுக்கு இலக்கங்களைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும்: இங்கே 17, வகுபடாது. குன்னூரின் 643101-க்குக் கூட்டுத்தொகை 15, அது வகுபடும்.

643202-ஐ முழுதாகப் பிரித்தால் 2 × 7 × 45943. கடைசியில் நிற்கும் 45943 பகா எண், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒன்பது இலக்க எண் என்றால் முதல் மூன்றையும் கடைசி மூன்றையும் கூட்டி, நடு மூன்றைக் கழித்தால் சரி. பிள்ளைகளிடம் கேத்தி என்ற ஊரின் பின்கோடு 643215-ஐக் கொடுத்துப் பாருங்கள்.