அகழாய்வு எலும்புகள் லேபுக்கு வந்தபின் நடக்கும் தவறுகள்

அகழாய்வுக் குழியிலிருந்து வந்த எலும்புப் பையைப் பிரித்ததும், "இது என்ன விலங்கு?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்பே செய்யவேண்டியவை இருக்கின்றன. மரபணு, ஐசோடோப் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள்) ஆய்வுக்கு எடுத்துவைக்கும் எலும்புகளைக் கழுவவே கூடாது. கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். மற்றவற்றை மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும். ஈர எலும்பை வெயிலில் காயவைத்தால் வெடிக்கும். ஒரு நேரத்தில் ஒரே பை. இரண்டு மண் அடுக்குகளின் எலும்புகள் ஒரே தட்டில் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

சரி, அடையாளம் காண்பதற்கு வருவோம். அதிகம் வழுக்குவது ஆட்டில்தான். செம்மறியும் வெள்ளாடும் எலும்பளவில் அவ்வளவு நெருக்கம். கொம்பின் உள்ளெலும்பு, முன்னங்கால் குழல் எலும்பின் கீழ்முனை போன்ற சில இடங்களில்தான் வேறுபாடு தெளிவாகத் தெரியும். 1960களில் ஜெர்மன் ஆய்வாளர் யோவாகிம் போஸ்னெக் அவற்றை முறைப்படி தொகுத்தார். விலா எலும்புச் சில்லையும் குழல் எலும்பின் நடுத்துண்டையும் வைத்து "வெள்ளாடு" என்று பதிவது வெறும் ஊகம். "செம்மறி அல்லது வெள்ளாடு" என்று எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை. கட்டாயம் தெரிந்தாக வேண்டுமென்றால் எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தை வைத்து இனத்தைக் கண்டறியும் சோதனை இருக்கிறது. மாடு, எருமை விஷயத்திலும் இதே நிதானம் வேண்டும். புத்தகப் படத்தை மட்டும் நம்பாமல், லேபில் உள்ள ஒப்பீட்டு எலும்புக்கூட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கையில் நடக்கும் தவறுதான் வெளியே அதிகம் பரவுகிறது. கீழடியிலிருந்து 70 எலும்புத் துண்டுகள் புனே டெக்கான் கல்லூரிக்கு அனுப்பப்பட்டன. மாடு, எருமை, ஆடுகள் சேர்ந்து 53% என்று 2019இல் தமிழக தொல்லியல் துறையின் அறிக்கை சொன்னது. நீலமான், புல்வாய், காட்டுப்பன்றி, மயில் எலும்புகளும் இருந்தன. இந்த 53% துண்டுகளின் கணக்கு. விலங்குகளின் கணக்கும் அல்ல, சாப்பாட்டின் கணக்கும் அல்ல. ஒரே மாட்டின் கால் நொறுங்கி பத்துத் துண்டானால் பட்டியலில் பத்து கூடும். அதனால் குறைந்தபட்ச விலங்கு எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும்: இடது கணுக்கால் எலும்பு மூன்று கிடைத்தால், குறைந்தது மூன்று விலங்குகள். அப்புறம், மண்ணைச் சல்லடையில் சலித்தார்களா என்று கேட்காமல் சதவீதம் போடக் கூடாது. கையால் மட்டும் பொறுக்கினால் மாட்டெலும்பு கண்ணில் படும். மீன், பறவை எலும்புகள் மண்ணோடு போய்விடும்.

கீறல் எல்லாம் கத்தி வெட்டு அல்ல. கத்தித் தடம் பொதுவாக 'வி' வடிவில் ஒடுங்கி, உள்ளே நுண்கோடுகளோடு இருக்கும். நாய் கடித்த பள்ளம் அகன்று வழவழப்பாக இருக்கும். அகழும்போது கரண்டி பட்ட கீறல், சுற்றியுள்ள பரப்பைவிட வெளிறித் தெரியும். லென்ஸை வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். மணற்பாங்கான மண்ணில் கால்நடை மிதித்தாலும் மெல்லிய கீறல் விழும். ஒற்றைக் கோட்டைக் கண்டு "இறைச்சி வெட்டினார்கள்" என்று முடிவு கட்டாமல், தசைநார் சேரும் இடத்திலோ மூட்டிலோ அதுபோலத் திரும்பத் திரும்ப வருகிறதா என்று தேட வேண்டும்.

உடைந்ததைக் கடைப் பசையால் ஒட்டுவதும் வேண்டாம். அசிட்டோன் என்ற கரைப்பானில் கரையும் பாராலாய்ட் பி-72 போன்ற பிசினையே பயன்படுத்துங்கள். தப்பாக ஒட்டியிருந்தால் அடுத்து வருபவர் பிரித்து மறுபடி சேர்க்கலாம்.