போலோ 1.0 டிஎஸ்ஐ: ஏர் இன்டேக்கில் முதலில் எதைத் தொடுவது?

999 சிசி, மூன்று சிலிண்டர், 110 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர். 2020-ல் வந்த இந்த ஃபோக்ஸ்வாகன் டர்போ போலோவை செகண்ட்ஹேண்டில் எடுப்பவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது திறந்த கோன் ஃபில்டரைத்தான் (பாக்ஸ் இல்லாமல் வெளியே நிற்கும் கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்). அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

காற்று முன்பக்க வாயில் நுழைந்து ஃபில்டர் பாக்ஸ், ரப்பர் குழாய் வழியாக, காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கு வருகிறது. அங்கிருந்து பிரஷர் பைப், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில், கடைசியாக மேனிஃபோல்டுக்குள்ளேயே (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் பகுதி) இருந்து காற்றைக் குளிர்விக்கும் வாட்டர்கூல்டு இன்டர்கூலர். டர்போவுக்கு முன்னால் உறிஞ்சல், பின்னால் அழுத்தம். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க இந்த வரிசை மனதில் இருக்க வேண்டும்.

ஃபில்டர் மாற்றினால் எத்தனை குதிரை கூடும்? ஸ்டாக் மேப்பில், அதாவது கம்பெனி கொடுத்த எஞ்சின் மென்பொருளில், மிகக் கொஞ்சம். எவ்வளவு பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) வேண்டும் என்பதை எஞ்சினின் கணினியான இசியூ தீர்மானிக்கிறது. தடை இருந்தால் டர்போவை இன்னும் வேகமாகச் சுழற்றி அதை எட்டிவிடும். மேனிஃபோல்டில் மொத்தம் 1.8 பார் தேவை என்று வையுங்கள். டர்போ வாயில் 1 பார் இருந்தால் 1.8 மடங்கு அழுத்தினால் போதும். அடைத்த ஃபில்டரால் வாயில் 0.95 பார்தான் இருக்கிறது என்றால் கிட்டத்தட்ட 1.9 மடங்கு. காற்று கூடுதலாகச் சூடாகும், டர்போவுக்கும் வேலை அதிகம். தடையைக் குறைப்பதன் முழுப் பலன் ரீமேப் செய்யும்போதுதான் (அந்த மென்பொருளை மாற்றும்போதுதான்) கைக்கு வரும்.

எதையும் கழற்றும் முன், காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் பூஸ்ட், இன்டேக் ஏர் டெம்பரேச்சர், ஃப்யூயல் ட்ரிம் (இசியூ எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு) மூன்றையும் பதிவு செய்யுங்கள். வெளி வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். மேனிஃபோல்டு சென்சார் காட்டுவது இன்டர்கூலரைத் தாண்டிய காற்றின் சூடு. காலையில் எடுத்த அளவை மதியத்தோடு ஒப்பிட்டால் பயனில்லை.

அடுத்தது லீக் டெஸ்ட். செலவு குறைவு, பலன் அதிகம் என்பதால் இதைத் தவிர்க்கவே கூடாது. எஞ்சின் ஆறியதும் டர்போவுக்குப் போகும் குழாயின் வாயை வால்வு பொருத்திய மூடியால் அடைத்து, ரெகுலேட்டர் வைத்துக் காற்றை மெதுவாக ஏற்றுங்கள். 0.5 பாரைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் பிசிவி (கிராங்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் இணைப்பு) வழியாக அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் போய் ஆயில் சீலைக் கெடுத்துவிடும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். நுரை கட்டும் இடத்தில்தான் கசிவு. டர்போவுக்குப் பின்னால் கசிந்தால் பி0299, அதாவது பூஸ்ட் போதவில்லை என்ற பிழைக் குறியீடு வரும். முன்னால் கசிந்தால் இந்தக் காரில் பெரும்பாலும் குறியீடே வராது, ஏனென்றால் இதில் உள்ளே போகும் காற்றின் அளவை அளக்கும் மேஃப் சென்சார் இல்லை. ஆனால் வடிகட்டாத தூசி நேராக டர்போவின் கம்ப்ரஸர் இறக்கையில் போய் மோதும். சத்தமில்லாத இந்தக் கசிவுதான் அதிக ஆபத்து.

இப்போது பேனல் ஃபில்டர், அதாவது பாக்ஸுக்குள் உட்காரும் தட்டை ஃபில்டர். டார்க்ஸ் பிட் செட் போதும். பழையதை எடுத்ததும் பாக்ஸை ஈரத்துணியால் துடையுங்கள். டர்போ பக்கத்துச் சுவரில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். மாவு போல நுண்தூசி ஒட்டினால் பழைய ஃபில்டரின் ஓரம் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். புதியதைப் பள்ளத்தில் நான்கு மூலையும் அழுத்திப் பொருத்தி, ஸ்க்ரூக்களை எதிரெதிராக இறுக்குங்கள். பிளாஸ்டிக் மரை, பலம் காட்டினால் வழுக்கிவிடும். எண்ணெய் பூசும் காட்டன் ஃபில்டர் என்றால் எண்ணெய் சொட்டக் கூடாது. செம்மண் சாலையில் தினமும் ஓட்டுபவருக்கு நல்ல பேப்பர் ஃபில்டரையே சொல்வோம்.

சிலிக்கான் இன்லெட் குழாய் போடுவதாக இருந்தால், பழையதைக் கழற்றிய நொடியே டர்போ வாயைச் சுத்தமான துணியால் அடையுங்கள். ஒரு சின்ன ஸ்க்ரூ உள்ளே விழுந்தாலும் கம்ப்ரஸர் வீல் காலி. புதுக் குழாயை மாட்டும் முன் டர்போவின் ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பாருங்கள்: பக்கவாட்டில் லேசான ஆட்டம் இயல்பு, முன்னும் பின்னும் அசைந்தால் டர்போ தேய்ந்துவிட்டது. பிசிவி குழாயை மறக்காமல் மாட்டுங்கள். கிளாம்ப் குழாயின் விளிம்பு மேட்டுக்கு உட்புறம் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே இறுக்கினால் நாளடைவில் நழுவிவிடும். குழாயை மாட்டும் முன் துணியை எடுத்துவிட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள்.

கோன் ஃபில்டரைத் தள்ளிவைக்கச் சொன்னதற்குக் காரணம் சூடு. டிராஃபிக்கில் நிற்கும்போது பானெட்டுக்குள் காற்று 70 டிகிரிக்குப் போனால், 40 டிகிரி வெளிக்காற்றைவிட அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைவு. இன்டர்கூலர் ஓரளவு மீட்டாலும் அதன் சுமை கூடிவிடும். மூடிய பாக்ஸும் வெளிக்காற்றுக் குழாயும் இல்லாத கிட் வாங்க வேண்டாம். ஃபில்டரை பம்பருக்குள் தாழ இறக்கும் கிட்டும் வேண்டாம். மழைநாளில் தேங்கிய தண்ணீரை உறிஞ்சினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் லீக் டெஸ்ட், பிறகு அதே சாலை, அதே நேரம், அதே கியரில் பதிவு. 200 கிலோமீட்டர் ஓடியதும் கிளாம்ப்களை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புது சிலிக்கான் சூட்டில் கொஞ்சம் அமுங்கும்.