ஒரே கந்தகம், மூன்று உருவம்: கண்ணெதிரே பார்க்கலாம்

வைரமும் கிராஃபைட்டும் ஒரே கார்பன்தான் என்று படித்திருப்போம். ஆனால் ஒன்று இன்னொன்றாக மாறுவதைப் பார்க்க நமக்கு வாய்ப்பில்லை. கந்தகம் அப்படியல்ல. வெறும் சூட்டிலேயே உருமாறிக் காட்டும். புறவேற்றுமை வடிவம், அதாவது ஒரே தனிமம் எடுக்கும் வெவ்வேறு உருவம், என்றால் என்னவென்று புரிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இதைப் பள்ளி, கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் உடனிருக்க மட்டும் செய்யுங்கள். காற்றோட்டம் வேண்டும், பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கந்தகம் தீப்பிடித்தால் நீலச் சுடரோடு கந்தக டை ஆக்சைடு வரும், தொண்டையைப் பிடித்துவிடும். சோதனைக்குழாயின் வாயை மூட ஈரத்துணி பக்கத்திலேயே இருக்கட்டும். வீட்டு அடுப்பில் வேண்டவே வேண்டாம்.

படி 1: கட்டிக் கந்தகத்தைப் பொடித்துக்கொள்ளுங்கள். இந்த மஞ்சள் பொடி சாய்சதுரக் கந்தகம். எட்டு அணுக்கள் கிரீடம்போல் மேலும் கீழுமாகக் கைகோத்த வளையங்கள் இதில் அடுக்கியிருக்கின்றன.

படி 2: கொஞ்சம் பொடியை மெல்ல உருக்கி, கூம்பாக மடித்த வடிதாளில் ஊற்றுங்கள். மேலே ஆடை கட்டியதும் தாளைப் பிரித்தால் உள்ளே ஊசி ஊசியாகப் படிகங்கள். இது ஒற்றைச்சரிவுக் கந்தகம். வளையம் அதேதான், அடுக்கிய விதம் வேறு. 95.5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இது நிலைக்காது. பளபளப்பு மங்கி மெல்லப் பழைய வடிவத்துக்கே திரும்பும்.

படி 3: சோதனைக்குழாயில் மூன்றில் ஒரு பங்கு பொடி போட்டு, ஆட்டிக்கொண்டே சிறு தீயில் காட்டுங்கள். அவசரப்பட்டால் அடி கருகும், நடுவில் நடக்கும் அழகும் தப்பிவிடும். 115 டிகிரி தாண்டியதும் தேன் நிறத்தில் நீர்த்து ஓடும். 160 டிகிரி வாக்கில் செம்பழுப்பாகிக் கெட்டிப்படும். சூடேறினால் இளகத்தானே வேண்டும்? இங்கே வளையங்கள் அறுந்து, ஒன்றோடொன்று சேர்ந்து நீண்ட சங்கிலியாகிப் பின்னிக்கொள்கின்றன, அதனால்தான் இறுகுகிறது. இன்னும் சூடேற்றினால் சங்கிலிகள் துண்டாகி மறுபடி இளகும்.

படி 4: இளகியதை, முகவையிலுள்ள குளிர்ந்த நீரில் மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். நன்றாக ஆறியபின் இடுக்கியால் எடுத்து இழுத்துப் பாருங்கள்: ரப்பர்போல் நீளும்! சட்டென்று குளிர்ந்ததால் சங்கிலிகளுக்கு வளையமாகத் திரும்ப நேரமில்லை. இதுதான் பிளாஸ்டிக் கந்தகம்.

படி 5: அந்த இழையைத் தாளில் வைத்துத் தினமும் தொட்டுப் பாருங்கள். சில நாளில் நிறம் வெளிறி, விறைத்து, வளைத்தால் படக்கென்று ஒடியும். ஒடிந்த இடத்தில் பழைய மஞ்சள் தெரியும்.