பழைய கம்ப்யூட்டருக்குப் பாகம் வாங்கும் முன்

பழைய டெஸ்க்டாப்பை வேகமாக்க வேண்டும் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "எந்த இடத்தில் நிற்கிறது?" என்றுதான். ஆன் ஆகவே நேரம் எடுக்கிறதா? ஃபைல் திறக்கும்போது நிற்கிறதா? நாலைந்து வேலையை ஒன்றாகத் திறந்தால் மட்டும் நிற்கிறதா? இதற்குப் பதில் தெரியாமல் பாகம் வாங்கினால் காசு வீண்தான்.

சேலத்தில் என்னிடம் வருபவை பெரும்பாலும் டிடிபி கடை கம்ப்யூட்டர்கள், செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளின் கணக்கு கம்ப்யூட்டர்கள், இளம்பிள்ளையில் சேலை டிசைன் போடுகிறவர்களின் கம்ப்யூட்டர்கள். பாதிக்கு மேல் ஒரே சாயல்: இன்டெல்லின் நாலாவது தலைமுறை ஐ3 புரொசசர், அதற்கேற்ற எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். "அண்ணா, புரொசசரை மாத்திட்டா சரியாயிடுங்களா?" என்று இளம்பிள்ளைத் தம்பி ஒருவர் கேட்டார். அவர் கையில் இருந்தது பத்தாயிரம் ரூபாய். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, வழக்கமான வேலையைச் செய்யச் சொன்னேன். புரொசசர் முப்பது சதவீதத்தைத் தாண்டவில்லை. டிஸ்க் மட்டும் நூறிலேயே நின்றது, ரேமும் நிரம்பிவிட்டது. புரொசசர் சும்மாதான் இருந்தது, ஹார்டு டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டு.

இந்த நிலையில் முதல் செலவு, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகச் சிப்பில் ஃபைல்களை வைக்கும் எஸ்எஸ்டிதான், யோசிக்கவே வேண்டாம். பழைய ஹார்டு டிஸ்க் வினாடிக்கு நூறு, நூற்றைம்பது எம்பி படித்தால் பெரிது. ஹார்டு டிஸ்க் மாதிரியே சாட்டா கேபிளில் மாட்டும் எஸ்எஸ்டி ஐந்நூறைத் தாண்டும். சின்னச் சின்ன ஃபைல்களை எடுப்பதில் வித்தியாசம் இன்னும் அதிகம், விண்டோஸ் ஆன் ஆகும்போதே தெரிந்துவிடும். கடையில், போர்டிலேயே நேராகச் சொருகும் எம்.2 என்விஎம்இ எஸ்எஸ்டியைக் காட்டி "இது இன்னும் ஃபாஸ்ட்" என்பார்கள். உண்மைதான், ஆனால் எச்81 போர்டில் அதற்கு இடமே பெரும்பாலும் கிடையாது. அடாப்டர் போட்டு மாட்டினாலும் அதிலிருந்து விண்டோஸ் ஆன் ஆக அந்தக் காலத்து பயாஸ் (ஆன் செய்ததும் போர்டில் முதலில் ஓடும் மென்பொருள்) பெரும்பாலும் ஒத்துழைப்பதில்லை. 2.5 இன்ச் சாட்டா வாங்குங்கள்.

மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். எச்81 போர்டில் சாட்டா போர்ட்டுகள் எல்லாம் ஒரே வேகம் இல்லை. இரண்டு போர்ட் 6 ஜிபிட் (வினாடிக்கு 6 ஜிகாபிட்), மற்றவை 3 ஜிபிட். போர்ட்டின் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும், பல போர்டுகளில் நிறமும் வேறாக இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்து வேகமானதில் சொருகுங்கள். அதற்கும் பழைய எச்61 என்றால் எல்லாமே 3 ஜிபிட்தான். அப்போதும் ஹார்டு டிஸ்க்கைவிட எவ்வளவோ மேல்.

அடுத்து ரேம். 4 ஜிபியை 8 ஆக்கினால் போதும். டிசைன் ஃபைல் பெரிதென்றால் 16 வரை போகலாம், எச்81 அதற்கு மேல் ஏற்காது. ஒரு ஸ்லாட்டை மட்டும் நிரப்பாமல் ஒரே அளவு ரேமை இரண்டிலும் போட்டால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும், ஆன்போர்டு கிராஃபிக்ஸுக்கும் அது நல்லது. இந்தப் போர்டு ஏற்கும் டிடிஆர்3 வகை ரேம் இப்போது பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட்தான். ஆன்லைனில் ரொம்ப மலிவாக ஒரு 8 ஜிபி டிடிஆர்3 கிடைக்கும். விவரத்தின் அடியில் "ஏஎம்டிக்கு மட்டும்" என்று போட்டிருக்கும், இன்டெல் போர்டில் அது ஓடாது. வாங்கிய ரேமை மெம்டெஸ்ட் என்ற சோதனை புரோகிராமில் ஒரு ராத்திரி முழுக்க ஓட்டி, ஒரு பிழை காட்டினாலும் மறுநாளே திருப்பிக் கொடுங்கள். ஏற்காட்டு எஸ்டேட் ஆபீஸ்களில் மழைக்காலம் முடிந்ததும் "ஆன் ஆகவே இல்லை" என்று வருபவற்றில் பல, ரேமின் காலில் (ஸ்லாட்டுக்குள் போகும் தங்க நிறக் கோடுகளில்) ஈரம் பட்டுக் கறுத்ததால் வருபவை. ரேமைக் கழற்றி, கறுத்த அந்தக் கோடுகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்து மாட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆன் ஆகாவிட்டால்தான் புது ரேம்.

இளம்பிள்ளைத் தம்பியின் கேபினட்டைத் திறந்தபோது, புரொசசர் ஃபேனுக்கு அடியில் தறிப் பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருந்தது. காற்று போக வழியே இல்லை. சூடு ஏறினால் புரொசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சேலத்துச் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். பிரஷ்ஷால் சுத்தம் செய்து புரொசசரின் சூட்டை ஃபேன் பக்கம் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவினோம். பாகம் வாங்கும் முன் இதைச் செய்யாதவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பெட்டியில் 450 வாட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருப்பதை விட்டுவிட்டு, லேபிளில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால் 12 வோல்ட்டில் கிடைப்பது 192 வாட்ஸ்தான். கிராஃபிக்ஸ் கார்டு போடுகிறவர் இந்தக் கணக்கைப் போடாமல் வாங்கக் கூடாது. டெல் ஆப்டிபிளெக்ஸ் மாதிரிக் கம்பெனிப் பெட்டிகளில் போர்டுக்கு வரும் கனெக்டரே பலவற்றில் வேறு, சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. திறந்து போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

நான் பாகத்தை இரண்டாகப் பிரித்துத்தான் பார்ப்பேன்: அடுத்த கம்ப்யூட்டருக்கும் கூட வருவது, இந்தப் போர்டோடு போய்விடுவது. எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், மானிட்டர் கூட வரும், அங்கே புதிதாக, வாரண்டியோடு வாங்குங்கள். டிடிஆர்3 ரேமும் நாலாவது தலைமுறை புரொசசரும் இதோடு போய்விடும், அவற்றை செகண்ட் ஹேண்டில் முடியுங்கள். அந்த ஐ3-ஐ எடுத்துவிட்டு அதே சாக்கெட்டில் ஓடும் ஐ5-4570 போட்டால் இரண்டு கோருக்குப் பதில் நாலு கோர் கிடைக்கும். எஸ்எஸ்டி, ரேமுக்குப் பிறகு பணம் மிஞ்சினால் மட்டும் அது.

எப்போது போர்டையே மாற்ற வேண்டும்? விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல்லில் எட்டாவது தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் ஏற்காது. நெட் இல்லாமல் டிசைன் மட்டும் போடும் கம்ப்யூட்டர் இன்னும் சில வருடம் ஓடும். பேங்க் வேலையும் ஜிஎஸ்டியும் பார்க்கிற கம்ப்யூட்டருக்கு நான் எச்81-இல் காசு போடச் சொல்ல மாட்டேன். ஐ3-12100 அல்லது ஏஎம்டியின் ரைசன் 5600ஜி புரொசசர், டிடிஆர்4 ரேம் ஏற்கும் போர்டோடு, போதும். ஐ3-12100எஃப் என்று கடைசியில் "எஃப்" இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை, போர்டில் எச்டிஎம்ஐ இருந்தாலும் திரையில் படம் வராது. ரேம் விலை 2025 கடைசியில் வேகமாக ஏறியது, அதனால் பழைய விலைப்பட்டியலை நம்பாமல் வாங்கும் அன்றே விசாரியுங்கள்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை கொஞ்சம் குறைவு என்று போகிறவர்கள் உண்டு. ரேமோ எஸ்எஸ்டியோ வாரண்டியில் கெட்டால் அதை எடுத்துக்கொண்டு மறுபடி ரயில் ஏற வேண்டும். கொஞ்சம் கூடுதலானாலும் சேலத்திலேயே, சீரியல் நம்பர் போட்ட பில்லோடு வாங்குவதைத்தான் நான் சொல்வேன்.

கழற்றிய ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். டிஸ்க் நன்றாக இருக்கிறதா என்று காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ புரோகிராமில் பாருங்கள். "குட்" என்று நீல நிறத்தில் காட்டினால் டிசைன் ஃபைல்களின் இரண்டாவது நகலை அதில் வைக்கலாம். மஞ்சள் காட்டினால் அன்றைக்கே எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.