சேதுக்கரைப் பெண்ணின் கதையை எழுதும் முறை

ஓரியூரில் 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) என்னும் இயேசு சபைக் குரு தலை வெட்டிக் கொல்லப்பட்டார் என்பதும், அவர் குருதி படிந்த மண் சிவந்தது என்று மக்கள் நம்பி இன்றும் அதை எடுத்துச் செல்கிறார்கள் என்பதும் நம் அனைவருக்கும் தெரியும். மறவர் குலச் சிற்றரசரான தடியத் தேவர் ஞானஸ்நானம் பெறுவதற்காக முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மனைவியரை விலக்கியதும், அவர்களுள் ஒருத்தி இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப் பெண்ணாக இருந்ததால் அவள் முறையீடு அரண்மனையை எட்டியதும்தான் அந்தக் கொலைக்கு வழி திறந்தன. குருவின் மரணத்தையும் மன்னரின் சினத்தையும் விரிவாகச் சொல்லும் நம் மரபு, விலக்கப்பட்ட அந்தப் பெண்கள் அன்றிரவு யார் வீட்டுத் திண்ணையில் படுத்தார்கள் என்று கேட்டதில்லை. இராமநாதபுரம் கடற்கரையைக் களமாகக் கொண்டு கிறிஸ்தவ வரலாற்றுப் புனைகதை எழுத விரும்புகிறவர் இத்தகைய ஒரு கேள்வியோடுதான் எழுத உட்கார வேண்டும்.

அடுத்து, ஆண்டைத் தீர்மானியுங்கள். ‘வெள்ளைக்காரர் காலம்’ என்று பொதுவாக வைத்துக்கொண்டால் கதை வழுக்கிவிடும். 1549இல் இக்கடற்கரை ஊரான வேதாளையில் அந்தோணி கிரிமினாலி அடிகள் கொல்லப்பட்டபோது அங்கே இருந்தவர்கள் போர்த்துக்கீசியர். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. கும்பினியார், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார், சேதுபதியைச் சிறைப்படுத்தியது 1795இல், சீமை ஜமீனாக மாறியது 1803இல். ஓரியூர் நிகழ்ச்சியின்போது அந்த மண்ணை ஆண்டவர் சேதுபதியே ஆதலால், அங்கே ஓர் ஐரோப்பிய அதிகாரியைக் கொடுமைக்காரராகக் கொண்டுவந்து நிறுத்துவது பொய்யாகும். ஒவ்வொரு காலத்தின் துன்பமும் வேறு. 1805இல் கும்பினி உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது என்பது வரலாற்று நூலில் ஒரு வரிதான். ஆனால் மீனைக் கீறி உப்பிட்டுக் கருவாடாக்கி விற்றுப் பிழைத்த ஒரு விதவைக்கு அது அடுப்பெரியுமா எரியாதா என்ற கேள்வி. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டியின் முன் நின்றவளின் துன்பமோ வேறு வகையைச் சேர்ந்தது.

ஆண்டு முடிவானதும் உங்கள் கதைநாயகியின் கைகள் செய்த வேலைகளை எழுதிப் பழகுங்கள். என் அனுபவத்தில் கதை உயிர்பெறும் இடம் இதுவே. மணலில் ஊற்றுத் தோண்டி, நீர் சுரக்கும்வரை காத்திருந்து, சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புவதற்குள் விடிந்துவிடும். பனையோலையைக் கிழித்துப் பெட்டி முடைவதும், கருவாடு காயும்போது மழை முகம் பார்ப்பதும் அவள் நாளின் பெரும்பகுதி. கச்சான் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும். ஆகவே எந்த மாதத்தில் எந்தக் கரையில் அவள் கணவனின் வள்ளம் நிற்கிறது என்பதை அறியாமல் ஒரு காட்சியும் எழுத முடியாது.

இங்கே காலப்பிழைகள் எளிதில் நுழைந்துவிடும். 1549இன் வேதாளையில் நடக்கும் கதையில் அவள் மிளகாய் அரைக்கக் கூடாது. மிளகாய் போர்த்துக்கீசியரோடு இந்நாட்டுக்கு வந்த பொருள், அன்றைய அம்மியில் இருந்தது மிளகுதான். இன்று இராமநாதபுரத்தை மூடிக் கிடக்கும் சீமைக் கருவேலம் சென்ற நூற்றாண்டில் பரவியது. என் முதல் கதையில் பதினேழாம் நூற்றாண்டுப் பெண் ஒருத்தியை அந்த விறகைச் சுமக்க வைத்திருந்தேன். அதைத் திருத்தி உடைமுள்ளும் பனை மட்டையும் என்று எழுதியபோதுதான் அவள் நடந்த நிலமும் வேறாகத் தெரிந்தது.

செபமொழிக்கும் இதே கவனம் வேண்டும். திருப்பலி, ஒப்புரவு, இறைவன் ஆகியவை இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் நம் கோயில்களில் நிலைபெற்ற வழக்குகள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதையில் அவள் பூசை காண்பாள், பாவசங்கீர்த்தனம் செய்வாள், சர்வேசுரனை அழைப்பாள், ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்று செபமாலை உருட்டுவாள். இச்சொற்களுக்கு அடிக்குறிப்பு இடாதீர்கள். வாக்கியத்தின் ஓட்டத்திலேயே பொருள் விளங்கட்டும்.

அவளுடைய விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது அவசரப்படக் கூடாது. 1530களில் கடற்கரை மக்களான பரதவர் திருமுழுக்குப் பெற்றதில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடிய நோக்கமும் இருந்தது. பேச்சை நடத்தியவர்கள் ஊர்த் தலைவர்கள். அவர்களோடு சேர்ந்து திருமுழுக்குப் பெற்றவள், யாரோ செய்த முடிவை எப்போது தன்னுடையதாக்கிக்கொண்டாள்? பிள்ளையைப் புதைத்த அன்றா, கணவன் முத்துக்குளிக்கப் போய்த் திரும்பாத அன்றா, அல்லது காரணம் சொல்ல முடியாத ஒரு சாதாரண மாலையிலா? இதற்கு விடை காண்பதே நாவலின் வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாதிரியார் வந்து அவளை மீட்பதாகவோ, மன்றாடிய மறுகணம் புயல் ஓய்வதாகவோ எழுதினால் அவள் பட்டதெல்லாம் வீணாகும். இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டு, அச்சபையினர் 1830களின் இறுதியில் தங்கள் மறைபரப்புத் தளமான மதுரை மிஷனுக்குத் திரும்பும்வரை, குருவைக் காண்பதே அரிதாயிருந்த ஊர்கள் பல. அந்த இடைக்காலத்தில் அந்தியில் விளக்கேற்றிப் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்த தாயைக் கற்பனை செய்யுங்கள். எழுத்தாளர்கள் அதிகம் தொடாத காலம் அது.

ஆவணங்களில் குருக்கள் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் மிகுதி. கொடைக்கானலுக்கு அருகிலுள்ள செண்பகனூர் ஆவணக் காப்பகம் இத்தேடலுக்கு உரிய இடம். அக்கடிதங்களில் பெண்கள் பெரும்பாலும் பெயரின்றி வருவார்கள். பழைய பங்குப் பதிவேடுகள் சுருக்கமானவை, எனினும் அவற்றை வரிசையாகப் படித்தால் ஒரே தாயின் பெயர் ஞானஸ்நான ஏட்டில் பலமுறை வருவதையும், அப்பிள்ளைகளின் பெயர்கள் அடக்க ஏட்டில் ஒவ்வொன்றாகத் தோன்றுவதையும் காணலாம். அப்படி ஒரு தாயைத் தேர்ந்துகொண்டு, இரண்டு பதிவுகளுக்கு நடுவிலுள்ள ஒரு நாளை முதல் அத்தியாயமாக எழுதுங்கள். எழுதி முடித்ததும் பாம்பனிலோ மூக்கையூரிலோ மீன் விற்கும் வயதான பெண்கள் இருவர் மூவருக்கு அதை உரக்கப் படித்துக் காட்டி, அவர்கள் இடைமறித்த இடங்களில் எல்லாம் கோடிட்டுக்கொண்டு, அந்த இடங்களிலிருந்து திருத்தத்தைத் தொடங்குங்கள்.