பேனாக்கத்தி சேர்ப்பவர்கள் ஏமாறும் இடங்கள்

கொழும்பில் புறக்கோட்டை, மருதானைப் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் மடக்குக்கத்தி தேடுகிறவர்களின் கண் முதலில் பிடியில்தான் விழும். கத்தியில் மிகச் சுலபமாக மாற்றக்கூடிய பாகமும் அதுதான்.

சுவிஸ் கம்பனியான விக்டோரினொக்ஸின் சிவப்புப் பிடி செலிடோர் என்ற பிளாஸ்டிக். உள்ளே இருக்கும் ரிவெட் தலைகளில் அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். பழசைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்ட அதிக நேரம் எடுக்காது. பல்லுக்குச்சியும் சாவணமும் உருவி எடுப்பவை. எந்தக் கத்தியிலிருந்தும் வந்திருக்கலாம். ஆகவே பிடியின் நிறத்தைப் பார்த்து "அரிய வகை" என்று முடிவு கட்ட வேண்டாம். "நானா, எல்லா அலகையும் ஒருக்கா திறந்து காட்டுங்க" என்று கேட்டு, அலகின் அடியில் பொறித்திருப்பதை வாசியுங்கள்.

சிவப்புப் பிடியை "ஆமிக் கத்தி" என்று விற்பதும் உண்டு. விக்டோரினொக்ஸின் நிறுவனர் கார்ல் எல்செனர் 1897இல் பதிவுசெய்த அந்த அதிகாரிக் கத்தியைச் சுவிஸ் இராணுவம் சிப்பாய்களுக்குக் கொடுக்கவேயில்லை. 1961 முதல் 2008 வரை கொடுத்தது வெள்ளி நிற அலுமினியப் பிடிக் கத்தி. அதன் பெரிய அலகின் அடியில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் இருக்கும். அதைச் செய்து கொடுத்ததும் ஒரு கம்பனி அல்ல. கேடயத்துக்குள் சிலுவை இருந்தால் விக்டோரினொக்ஸ், முனை மழுங்கிய சதுரத்துக்குள் இருந்தால் வெங்கர். 2005இல் வெங்கரை விக்டோரினொக்ஸ் வாங்கிவிட்டது என்பதற்காகப் பழைய கத்திகளை ஒரே குவியலில் போடக் கூடாது.

இல்லாத ஒன்றைச் சாட்சியாக எடுப்பது இன்னொரு பிழை. விக்டோரினொக்ஸின் முதுகுப் பக்கத்துக் கொக்கி 1991இல் வந்தது. கொக்கி இருந்தால் கத்தி அதற்கு முந்தியது அல்ல. இல்லாவிட்டால் எதுவும் நிரூபணமாகாது, இன்றைக்கும் கொக்கியில்லாத மாதிரிகள் இருக்கின்றன. பிரான்ஸின் ஒப்பினெல் கத்தியில் அலகைப் பூட்டும் வளையம் 1955இல் சேர்ந்தது. மடித்த நிலையிலும் பூட்டுவது 2000இலிருந்து.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் அமெரிக்கக் ‘கேஸ்’ (Case) கம்பனிக் கத்திகளில், ஆண்டைக் கண்டுபிடிக்க அலகின் அடியில் பொறித்த புள்ளிகளை எண்ணுவார்கள். 1970இல் பத்துப் புள்ளி, பிறகு ஆண்டுக்கு ஒன்று குறையும். ஐந்து புள்ளி என்றால் 1975 என்று எழுதிவிடுவார்கள். ஆனால் 1980இல் திரும்பவும் பத்திலிருந்து தொடங்கினார்கள், ஆகவே அது 1985ஆகவும் இருக்கலாம். பெயரில் உள்ள ‘எஸ்’ எழுத்து மின்னல்போல ஒடிந்திருந்தால் எண்பதுகள்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த ஜோசப் றொஜர்ஸ் (Rodgers) கத்திகளிலும் இதே வில்லங்கம். கிரீடத்தின் இருபுறமும் ஜோர்ஜ் மன்னரைக் குறிக்கும் ‘ஜி’, ‘ஆர்’ எழுத்துகளைக் கண்டதும் இருநூறு வருஷப் பழசு என்று சந்தோஷப்படாதீர்கள். 1936 முதல் 1952 வரை அரசாண்டவரும் ஒரு ஜோர்ஜ்தான். அந்தக் கம்பனியின் அடையாளமான நட்சத்திரமும் மால்ட்டாச் சிலுவையும் இருக்கின்றனவா, பெயரில் ‘டி’ எழுத்து விடுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். போலிகள் ஏராளம்.

தீட்டித் தீட்டி ஒடுங்கிய அலகைத் தனி வடிவம் என்று நினைப்பவர்களும் உண்டு. அதே மாதிரியின் தேயாத அலகோடு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் மோசமானது மினுக்குவதுதான். பிராஸோ போட்டுத் தேய்த்தால் பொறிப்பும் மெல்ல மெல்லப் போய்விடும். கொழும்புக் கடற்காற்றில் துரு வரத்தான் செய்யும். செந்துருவை மட்டும் தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள், கருமையை விட்டுவிடுங்கள். தோலுறையில் வைக்க வேண்டாம், தோல் ஈரத்தை இழுக்கும்.